ஜன்னலோர நாற்றை மொட்டை மாடி வெயிலுக்குப் பழக்குவது எப்படி

மூன்று வருடத்துக்கு முன், பங்குனி மாதம், வீட்டுக்குள் 40 தக்காளி நாற்று வளர்த்தேன். கிழக்கு ஜன்னலோரம், குழித்தட்டில். 25 நாளில் ஐந்தாறு இலை விட்டுப் பச்சைப் பசேலென்று நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தட்டோடு தூக்கிப்போய் மொட்டை மாடியில் வைத்தேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் 31 நாற்று போய்விட்டது. அதற்குப் பிறகு நான்கு பட்டம் தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் இப்படி வளர்த்து வெளியே நட்டுவிட்டேன். சேலத்து மாடியில் எனக்குச் சரிப்பட்டு வந்த முறை இது. விதைப்பது, முளைக்க வைப்பது பற்றி இங்கே எழுதவில்லை. நாற்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

ஏன் பழக்க வேண்டும்? ஜன்னலோரம் நல்ல வெளிச்சம் என்று நம் கண் நினைக்கிறது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். ஜன்னலோரத்தில் சில ஆயிரம் கிடைத்தாலே அதிகம். அந்த மங்கலில் வளர்ந்த இலைக்கு மேல்தோலில் மெழுகுப் பூச்சு மெல்லிசாகத்தான் இருக்கும். காற்றும் பட்டதில்லை என்பதால் தண்டிலும் உறுதி இருக்காது. திடீரென்று வெளியே வைத்தால் இலை வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிடும். வெளியே வந்த பிறகு விடுகிற புது இலைதான் வெயிலைத் தாங்கும். அது வரும்வரை பழைய இலையைக் காப்பாற்றிக் கொடுப்பதே நம் வேலை.

வெளியே எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பு. உரக் கரைசலை நிறுத்திவிடுங்கள். தினம் காலையிலும் மாலையிலும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து தடவை மெதுவாகத் தடவுங்கள். ஆடும் தண்டு குட்டையாகவும் தடியாகவும் வளரும். மின்விசிறியைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு. எனக்குக் கைதான் பிடித்திருக்கிறது. தடவும்போதே இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

1, 2-ஆம் நாள். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் இரண்டு மணி நேரம், வெளிச்சமான நிழலில். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் இடம் போதும். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

3, 4-ஆம் நாள். காலை 7 மணியிலிருந்து எட்டரை வரை நேர் வெயில், பிறகு நிழல்.

5, 6-ஆம் நாள். பத்து மணி வரை வெயில். அதற்கு மேல் நிழல் வலைக்குக் கீழே வெளியிலேயே இருக்கட்டும்.

வலை வாங்குவதாக இருந்தால் வெயிலில் 50 சதவீதத்தை மறைக்கும் வலை போதும். 75 சதவீத வலையில் நாற்று மறுபடியும் ஒல்லியாக நீண்டுவிடுகிறது. உண்மையில் நான் இப்போது வலையே வாங்குவதில்லை. பழைய பருத்தி வேட்டியை ஒற்றையாகக் கட்டினால் வெளிச்சம் பரவலாக விழுகிறது, சூடும் தங்குவதில்லை.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் தோற்றது இந்த இடத்தில்தான்.

முதல் தடவை நாற்று செத்ததும் வெயிலைத்தான் குற்றம் சொன்னேன். அடுத்த தடவை வலை கட்டினேன், நேரம் பார்த்து வைத்தேன். அப்படியும் மூன்றாம் நாள் வாடின. குழிகளில் மண்ணுக்குப் பதில் நிரப்பியிருந்த தென்னை நார்க்கழிவு ஈரமாக இருக்கிறது, இலை மட்டும் தொங்குகிறது. தண்ணீர் பற்றவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். நிலைமை மோசமானது. அன்று மாலை 6 மணிக்குச் செருப்பில்லாமல் மாடி ஏறினேன். வெயில் இறங்கியும் தரை உள்ளங்காலைச் சுட்டது. தட்டைத் தூக்கி அடியில் விரல் வைத்தேன். வெதுவெதுப்பு இல்லை, சூடு. ஒரு நாற்றை உருவிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறிப் போயிருந்தது.

காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும். குழித்தட்டோ கறுப்பு. ஒரு குழியில் இருப்பது ஒரு பிடிகூட இல்லாத நார்க்கழிவு. மேலே வலை கட்டினாலும் அடியிலிருந்து வேர் வெந்துகொண்டிருக்கும். வெந்த வேர் தண்ணீரை எடுக்காது. ஈரம் இருந்தும் இலை வாடுவது அதனால்தான். இந்த அறிகுறி தெரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டைத் தரையிலிருந்து தூக்குங்கள்.

நான் செய்வது இது: இரண்டிரண்டு செங்கல் அடுக்கி மேலே பலகை, பலகை மேல் மீன்கடைத் தெர்மாகோல் பெட்டியின் மூடி, அதன் மேல் தட்டு. அடியில் காற்று ஓட வேண்டும். மத்தியானம் 3 மணிக்குச் சுற்றியுள்ள தரையில் ஒரு வாளி தண்ணீர் தெளிப்பேன். மேற்கு வெயில் படும் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், சுவரும் இரவு வரை கொதிக்கும். வளர்ப்புப் பைக்கும் இதே கதைதான். நட்ட பிறகு பையை நேரே தளத்தில் வைத்துப் பாடுபட்டது வீணாகிவிடக் கூடாது.

7-ஆம் நாள். ராத்திரி முழுக்க வெளியே.

8, 9-ஆம் நாள். நண்பகல் வரை வெயில். மாலையில் இலை நிமிர்ந்து நின்றால் 10-ஆம் நாள் நடலாம். சித்திரை, வைகாசியாக இருந்தால் இன்னும் நான்கு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடவு. சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான். முதல் நாளே பையை நனைத்து வையுங்கள். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டுக்கும் தண்ணீர் விடுங்கள். காய்ந்த நார்க்கழிவைச் சுற்றி எவ்வளவு ஈர மண் இருந்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காது. தக்காளியை மட்டும் விதையிலை வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாயும் கத்தரியும் தட்டில் இருந்த மட்டத்திலேயே இருக்கட்டும். மேற்குப் பக்கம் ஒரு துண்டு தென்னங்கீற்றை மூன்று நாள் செருகி வைத்தால் மாலை வெயில் அடிக்காது.

ஆடிப்பட்டத்தில் நடுபவர்கள் அன்றைக்கே குச்சி ஊன்றிவிடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஒரு சாண் நாற்று எம்மாத்திரம். துவரை மிளாரும் வாழை நாரும் போதும். நாரை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடுகிறது.

போன வருடம் இதே நாற்றில் ஒரு தட்டை ஏற்காட்டில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டருக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே தரைச் சூடு கிடையாது. ஆனால் மூன்று நாள் மூடுபனி. நாற்று வெளியில்தானே இருக்கிறது, பழகிவிட்டது என்று எண்ணினேன். நான்காம் நாள் பதினோரு மணிக்குப் பனி விலகிப் பளீரென்று அடித்தது வெயில். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். இலைகள் வெளுத்துவிட்டன. "பனியில நின்னதெல்லாம் கணக்குல வராது கண்ணு, வெயில்ல நின்ன நேரத்தை மட்டும் எண்ணு" என்றார் சின்னம்மா. காபித் தோட்ட நாற்றங்காலில் வேலை பார்த்தவர். அங்கே பந்தல் நிழலை ஒரேயடியாகப் பிரிக்க மாட்டார்கள், நடவுக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்களாம். மலையில் வளர்ப்பவர்கள் நாளை விட்டுவிட்டு வெயில் மணியை எண்ணுங்கள். மார்கழி, தை இரவில் நாற்றை உள்ளே எடுத்துவிடுங்கள். 10 டிகிரியை நெருங்கினாலே தக்காளி வளர்ச்சி நின்றுவிடும். நத்தை வேறு ராத்திரியில் வரும், தட்டு உயரத்தில் இருப்பது அதற்கும் நல்லது.

பின்சேர்க்கை. இதைப் படித்த ஒரு அக்கா, நாற்றுப் பண்ணையில் வாங்கி வருவதையும் இப்படிப் பழக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். அவை நிழல்வலைக் குடிலில் வளர்ந்தவை. நம் ஜன்னல் நாற்றைவிடத் தெம்பு உண்டு என்பதால் மூன்று நான்கு நாள் போதும். ஆனால் தரைச் சூட்டு விஷயம் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

வெளுத்த இலையைக் கிள்ளிவிடலாமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். பாதி பச்சை இருந்தாலும் அந்த இலை செடிக்குச் சோறு போடும். நடுக்குருத்தைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் இரண்டு நாள் நிழலில் வைத்து, மூன்றாம் நாள் பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.