மவுசை விட்டுக் கையை எடுங்கள்

மலேசியாவில் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் (நம்ம ஆட்களுக்கு அது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்) நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிறவர் யார் என்று பார்த்தால் தோட்ட ஆபீஸ் கிராணி (எழுத்தர்), கோயில் செயலாளர், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காரர். மூவருக்கும் வேலை ஒன்றுதான்: பெயர், தேதி, எண், திரும்பவும் பெயர், தேதி, எண். இதற்காக நூறு கீபோர்டு ஷார்ட்கட் (மவுசைத் தொடாமல் விசைகளாலேயே வேலையை முடிக்கிற வழி) உள்ள பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டாதீர்கள், ஒட்டினால் சுவர்தான் படிக்கும். ஒரு நாள் முழுக்க உங்கள் வலது கையை மட்டும் கவனியுங்கள். எதற்காக அது அடிக்கடி மவுசுக்கு ஓடுகிறதோ, அதற்கான விசையை மட்டும் முதலில் பழகுங்கள்.

செக்ரோலையே, அதாவது தோட்டத்து ஆட்களின் வருகை, சம்பளப் பதிவேட்டையே, எடுத்துக்கொள்வோம். எக்செலில் கண்ட்ரோலோடு அரைப்புள்ளியை (;) அழுத்தினால் இன்றைய தேதி கட்டத்தில் விழும். டுடே ஃபார்முலா போட்டாலும் தேதி வரும், ஆனால் நாளைக்குத் திறந்தால் அது நாளைய தேதியாகிவிடும், சம்பளக் கணக்கில் அது வம்பு. அப்புறம் நாற்பது பேரும் ஒரே ஃபீல்டில் (தோட்டத்தின் ஒரு பகுதியில்) செம்பனைக் குலை வெட்டியிருந்தால் நாற்பது தடவை ஃபீல்டு எண்ணைத் தட்ட வேண்டாம்: ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்புக்குறியால் அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள், எண்ணை ஒரே ஒருமுறை தட்டுங்கள், எண்டரை மட்டும் அழுத்தாமல் கண்ட்ரோலோடு எண்டரை அழுத்துங்கள், எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். எனக்குக் கேட்டால், எக்செலில் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே போதும் என்பேன்.

கூட்டலுக்கு, எண்கள் முடிகிற இடத்துக்குக் கீழே நின்று ஆல்ட்டோடு சமக்குறி. இதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் யாரோ வரவில்லை என்று கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், கூட்டல் அந்தக் காலிக் கட்டத்துக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் பிடிக்கும், மேலே உள்ளவர்களின் குலையெல்லாம் கணக்கில் வராது. அதனால் வராதவருக்கு 0 போடுங்கள், எண்டர் தட்டுமுன் கோடு எதுவரை சுற்றியிருக்கிறது என்றும் பாருங்கள். கண்ட்ரோலோடு கீழ் அம்புக்குறி பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோகும், அதுவும் காலிக் கட்டம் வந்தால் நின்றுவிடும்.

தவறாக அழித்துவிட்டால் கண்ட்ரோல் இசட், இது எல்லோருக்கும் தெரியும். கண்ட்ரோல் எஸ்ஸும் தெரியும், ஆனால் மத்தியானம் வானம் கறுத்து இடி கேட்ட பிறகுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது. ஒரு பக்கம் முடிந்தால் ஒரு தடவை அழுத்துகிற பழக்கம் நல்லது, லைட் போன பிறகு புலம்பிப் பயனில்லை.

ஒன்றுக்கு மேல் காப்பி செய்து ஒட்ட வேண்டியிருந்தால் விண்டோஸ் விசையோடு வி. விண்டோஸ் 10-லும் 11-லும் இது இருக்கிறது, முதல் தடவை அழுத்தும்போது இயக்கவா என்று கேட்கும், சரி என்று கொடுங்கள். கடைசியாகக் காப்பி செய்த 25 வரை வரிசையாகக் காட்டும். இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும்: ஆபீசில் ஒரே லாகினில் மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறீர்கள் என்றால், நீங்கள் காப்பி செய்த ஐசி (அடையாள அட்டை) எண்ணும் பேங்க் கணக்கு எண்ணும் அடுத்தவர் கண்ணில் படும். எழுந்திருக்கும் முன் அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். டீ குடிக்கப் போவதானால் விண்டோஸ் விசையோடு எல், திரை பூட்டிக்கொள்ளும்.

வாட்ஸ்அப்பில் வந்த நன்கொடைப் பட்டியலை வேர்டில் ஒட்டும்போது எழுத்தின் அளவும் நிறமும் தாறுமாறாக வந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், வெறும் எழுத்து மட்டும் வரும். பழைய வேர்டில் இது வேலை செய்யாது.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, இரண்டு விசைப்பலகையையும் ஏற்கெனவே சேர்த்திருந்தால், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ். தமிழ் 99 விசைப்பலகை அமைப்பைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் ந உட்கார்ந்திருக்கிறது, அதனால் மேலே சொன்ன தேதி ஷார்ட்கட்டை ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டு அழுத்துங்கள்.