"கையெழுத்து வாங்கியாச்சு சார்": குழந்தை மருத்துவ பிஜிகளுக்கு அறம் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராத்திரி ரெண்டு மணி. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதுக் குழந்தை ஒன்று வலிப்போடு வருகிறது. மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் நீர் எடுத்தாக வேண்டும். முதலாண்டு பிஜி (பட்டமேற்படிப்பு படிக்கும் டாக்டர்) ஒப்புதல் ஃபாரத்தை நீட்டுகிறார். அம்மா அழுதுகொண்டே நிற்கிறார், குழந்தையின் ஆயா, அதாவது பாட்டி, குறுக்கே வந்து "முதுகுல தண்ணி எடுத்தா கால் வராமப் போயிருமாமுங்களே" என்கிறார். அதற்குக் கிடைத்த பதில்: "எடுக்கலன்னா குழந்தைக்கு என்ன ஆனாலும் நாங்க பொறுப்பில்ல, கையெழுத்துப் போடுங்க." போட்டார்கள். காலை ரவுண்ட்ஸில் "கன்சென்ட்?" என்றேன். "வாங்கியாச்சு சார்" என்றார். நானும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு அந்த பிஜிக்கு நான் நடத்திய அறப் பாடம் அவ்வளவுதான். ஆயா கேட்டதையெல்லாம் பல நாள் கழித்து நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சேலத்தில் பல வருஷமாக பிஜிகளோடு மாரடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அறம், தொழில் ஒழுக்கம் என்ற பெயரில் நாம் சொல்லித்தருவது பெரும்பாலும் 'கேஸ் வராமல் தப்பிப்பது எப்படி' என்பதைத்தான். கையெழுத்து வாங்கு, எழுதி வை, உன்னைக் காப்பாற்றிக்கொள். அதையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசி ஹாலில், பாதிப் பேர் தூங்கும்போது ஸ்லைடு போட்டு நடத்துகிறோம்.

சட்டப்படி பார்த்தாலும் இது தப்புக் கணக்கு. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் தரலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 27ஆம் பிரிவு (பழைய ஐபிசி 89). அடுத்த பிரிவான 28, பயத்தாலோ தவறான புரிதலாலோ தந்த ஒப்புதல், செய்கிறவருக்கும் அது தெரிந்திருந்தால், ஒப்புதலே இல்லை என்கிறது. ஆபத்தான நேரத்தில் ஒப்புதல் தர ஆளே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு 30ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ஆக, மிரட்டி வாங்கிய கையெழுத்து எந்தப் பக்கமும் உதவாது. ஆயாவிடம் சொல்ல வேண்டியது ரெண்டே விஷயம்: தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது; நீங்கள் யோசிக்கிற நேரத்தில் ஆன்டிபயாடிக்கை நாங்கள் ஆரம்பித்துவிடுகிறோம். அஞ்சு நிமிஷ வேலை. இதை பிஜி பேச, சீனியர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு எது நன்றாக இருந்தது, எது இடித்தது என்று சொல்ல வேண்டும். ஊசி போடும் கையை நின்று பார்க்கிறோம், பேசும் வாயை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த தவறு, குழந்தையையே மறந்துவிடுவது. ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டுமென்றால் 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை சொல்கிறது. தீசிஸுக்காக பிஜிகள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே பிஜி, மாதாமாதம் ரத்தம் ஏற்ற வரும் தலசீமியா பையனிடம், ஒன்பது வயது அவனுக்கு, "எந்தக் கையில போடலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "ஊசியெல்லாம் இல்லடா, சும்மா பாக்கறேன்" என்று பொய் வேறு. அடுத்த மாதம் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஏன் அலறுகிறான் என்று நமக்கே ஆச்சரியம்!

அப்புறம் இந்த ஏஎம்ஏ. மருத்துவர் சொன்னதை மீறிக் கிளம்புகிறேன் என்று எழுதி வாங்குவது. ஒரு டிசம்பரில், ஏற்காட்டையும் தாண்டி உள்ளே இருக்கிற ஊரிலிருந்து ஒரு மலையாளி இனத்து அம்மா, நிமோனியா குழந்தையோடு வந்திருந்தார். (வெளியூர் பிஜிகளுக்கு ஒரு குறிப்பு, மலையாளி என்றால் கேரளாக்காரர் இல்லை, சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள். ஒருத்தர் அந்த அம்மாவிடம் மலையாளத்தில் பேசப் பார்த்த கதை எங்கள் யூனிட்டில் உண்டு.) மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகணும் என்றார். 'பலமுறை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. ஏன் போகணுமாம் என்று பிஜியைக் கேட்டேன். தெரியலை சார் என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டதும் விஷயம் வந்தது. மூத்தது, நாலு வயசு, பக்கத்து வீட்டில் விட்டு வந்திருக்கிறார். காப்பிப் பழம் பறிக்கிற நேரம், புருஷன் எஸ்டேட்டில். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நாளை மறுநாளிலிருந்து வேலை. அவ்வளவுதான். இன்னும் ஒரு ராத்திரி இருங்கள், காலையில் குழந்தையைப் பார்த்துவிட்டு முடிந்தால் வாய்வழி மருந்துக்கு மாற்றி அனுப்புகிறோம், மலையிலேயே அரசு ஆஸ்பத்திரியில் மறுபடி பார்க்க வேண்டும் என்றதும், "அப்படின்னா சரிங்க" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவருக்கு அலட்சியம் என்று பட்டம் கட்ட நமக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

இன்னொன்று, குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பேசத் தொடங்குவது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான், காரணம் பெண் சிசுக்கொலை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வரலாற்றைப் படித்துவிட்டு வருகிற பிஜி, மூன்றாவதாகப் பெண் பிறந்து வார்மரில் (பச்சிளங்குழந்தைக்குச் சூடு தரும் படுக்கை) கிடக்க, செலவை நினைத்துத் தயங்கும் அப்பாவைப் பார்த்தவுடன் பெண் குழந்தை பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்துவிடுகிறார். சந்தேகம் வரலாம், சில சமயம் வரவும் வேண்டும். ஆனால் முதலில் பணம் எவ்வளவு ஆகும், காப்பீட்டு அட்டை இருக்கிறதா, குழந்தை பிழைத்தால் எப்படி இருக்கும் என்று பேசிவிட்டு அப்புறம் சந்தேகப்படலாம்.

சின்னச் சின்னதாக நிறைய இருக்கிறது. கண்ணில் கறுப்புப் பட்டை ஒட்டிவிட்டால் வாட்ஸ்அப்பில் குழந்தை போட்டோ போகலாம் என்ற நம்பிக்கை. பால் பவுடர் கம்பெனி செலவில் கருத்தரங்கு நடத்திவிட்டு அதே மேடையில் நேர்மை பற்றிப் பேசுவது. குழந்தைப் பால் பொருள்கள் பற்றிய 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் அப்படிச் செலவு வாங்குவதைத் தடுக்கின்றன, பிஜிக்கு இது தெரியாது, தெரிந்த சீனியர் சொல்வதில்லை. போக்சோவில் புகார் தருவது கட்டாயம் என்பதோடு நிறுத்திவிட்டு, அதை அந்தக் குழந்தையின் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று காட்டாமல் விடுவது.

கடைசியாக என் தவறு, இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. குழந்தைகளுக்கு எடைக்குத் தக்க டோஸ், புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. ஒரு பிஜி முன்னால் சைபர் போடாமல் .4 மில்லி என்று எழுத, அது 4 மில்லி என்று சிரிஞ்சில் ஏற, கடைசி நிமிஷத்தில் நர்ஸ் பிடித்துவிட்டார். யாரும் கேட்காமலேயே அந்த பிஜி என்னிடம் வந்து சொன்னார். நான் வார்டு நடுவில், குழந்தையின் அம்மா எதிரிலேயே, கத்தினேன். அதற்கப்புறம் ஆறு மாதம் எங்கள் யூனிட்டில் ஒரு தவறும் நடக்கவில்லை! அதாவது ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு நாள் ஸ்லைடில் காட்டிய நேர்மையெல்லாம் அந்த ரெண்டு நிமிஷக் கத்தலில் போயிற்று.

இப்போது ரவுண்ட்ஸ் முடிந்ததும் டூட்டி ரூமில் கதவைச் சாத்திவிட்டு, இந்த வாரம் எது சரியாகப் போகவில்லை என்று கேட்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். ரெண்டு வாரம் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு முதலாண்டு பிஜி, "சார், நேத்து பன்னெண்டு மணி டோஸ் விட்டுப்போச்சு, அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றார். மற்ற எல்லோரும் அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள்.