மாருதி 800க்கு வீட்டிலேயே பிளக் மாற்றுவது

கினிகத்தேனையில் இருந்து ஹட்டனுக்கு ஏறும்போது கார் இழுக்காமல் திக்கித் திக்கி வருகிறதா? கராஜுக்குப் போகுமுன், பெற்றோலைப் பற்றவைக்கப் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதி) வைத்த பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், மூன்று பிளக். அதில் ஒன்று வேலை செய்யாவிட்டால் சமதரையில் எப்படியோ சமாளிக்கும், மலைப்பாதையில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

21 மில்லிமீற்றர் பிளக் ஸ்பானர், பிளக் நுனியில் பொறி பாயும் இடைவெளியை அளக்கும் கேஜ், சைக்கிள் பம்ப், ஒரு சாண் பெற்றோல் ஹோஸ், இவ்வளவு போதும். ஹோஸ் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் ஏறியிருக்கும் ஹெட் (எஞ்சினின் மேல் பாகம்) அலுமினியம், சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்காமல், அடியிலுள்ள ரப்பர் கப்பைப் பிடித்து லேசாகத் திருப்பிக் கழற்றுங்கள். ஒரு பிளக்கை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கழற்றி, எந்த வயர் எங்கே என்று தெரியாமல் நான் முழித்த கதை ஒன்று உண்டு. பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணைப் பம்பால் ஊதிவிட்டுத்தான் ஸ்பானரை வைக்க வேண்டும், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள். புதுப் பிளக்கைவிட அதில்தான் விஷயம் இருக்கிறது. நுனி இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. எண்ணெய் பிசுபிசுத்தால் உள்ளே ஒயில் கசிகிறது. புதுப் பிளக் போட்டாலும் கொஞ்ச நாளில் அதே கதைதான். வெள்ளையாக வெந்திருந்தால் எஞ்சின் அதிகம் சூடாகிறது. நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது காய்ந்த கரி. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே சரிப்படுத்திய அளவிலேயே பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். போதாததற்குக் குளிருக்கு இழுத்த சோக்கை (ஸ்டார்ட் பண்ணும்போது பெற்றோலைக் கூட்டும் குமிழ்) உள்ளே தள்ள மறந்துபோவோம். எயார் பில்டரும் அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே கரியைக் கண்டால் முதலில் பில்டரையும் சோக்கையும் பாருங்கள். அப்புறம் கார்புரேட்டரைச் சரிசெய்யச் சொல்லலாம்.

புதுப் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். கடையில் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பாமல் கேஜ் வைத்துப் பாருங்கள். தரையில் விழுந்த பிளக்கை மாட்டவே வேண்டாம். உள்ளே பீங்கானில் கீறல் விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது அந்த ஹோஸ். அதன் ஒரு முனையை பிளக்கின் தலையில் செருகி, மறுமுனையை விரலால் சுற்றி மரையில் ஏற்றுங்கள். கோணலாகப் போனால் ஹோஸ் வழுக்கும், மரை கெடாமல் தப்பும். தோட்டத்து லொறி ஓட்டிய எங்கள் மாமா சொல்லிக் கொடுத்தது இது. "கை சொல்லட்டும்டா தம்பி, ஸ்பானருக்கு காது கேக்காது" என்பார். அவர் சொல்லைக் கேட்காமல் இரண்டாவது தடவையே ஸ்பானரால் ஏற்றப் போனேன். மரை போய், ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் பத்து வருஷத்துக்குப் பிளக் வாங்கியிருக்கலாம்.

கையால் முட்டும்வரை சுற்றிய பின் ஸ்பானரால் அரைச்சுற்று, அதிகம் போனால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அது புது வாஷரை நசுக்குவதற்கு. பழைய பிளக்கையே திரும்பப் போடுவதானால் வாஷர் முன்பே நசுங்கியிருக்கும், அதற்கு இலேசான ஒரு இறுக்கு போதும். கப்பை 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

எல்லாம் போட்டும் பனி மூட்டமான காலையில் மட்டும் திக்கினால் பிளக்கைக் குறை சொல்லாதீர்கள். இரவில் வாசல் லைட்டை அணைத்து, பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். கை வைக்க வேண்டாம். வயர் ஓரமாக நீலப் பொறி ஓடினால் மாற்ற வேண்டியது வயர்தான்.