3,000 ரூபாய்க்குள் ஓட்டப்பயிற்சி: எதை வாங்குவது, எதைத் தின்பது?

ஓடத் தொடங்கப்போகிறேன் என்று சொல்பவர்களில் பலர் முதலில் கேட்பது கைக்கடிகாரத்தைப் பற்றித்தான். ஷூவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, என்ன சாப்பிடுவது என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் வரை ஓட நினைக்கும் ஒருவர் 3,000 ரூபாயை எப்படிச் செலவிட வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையின் கடலோரப் புழுக்கத்தில் ஓடிப் பழகியவன் என்பதால் வியர்வையைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே இருக்கும்.

படி 1: பணத்தின் பெரும்பகுதியை ஷூவுக்கு ஒதுக்குங்கள்

மூவாயிரத்தில் 2,000 ரூபாயாவது ஷூவுக்குப் போக வேண்டும். ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஷூவாக அது இருக்க வேண்டும். பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூவோ, பூப்பந்து ஆடும் ஷூவோ இதற்கு ஈடாகாது. அதே சமயம், பந்தய வீரர்கள் அணியும் கார்பன் தகடு பதித்த ஷூவும் புதியவருக்குத் தேவையில்லை. ஆடித் தள்ளுபடியில் சென்ற ஆண்டு மாடல்கள் விலை குறைந்து வரும். நிறம் மட்டும் பிடிக்காமல் போகலாம், ஓடுகிற காலுக்கு நிறத்தால் ஆவது ஒன்றுமில்லை.

கடைக்கு மாலையில் செல்லுங்கள். நாள் முழுவதும் நின்றும் நடந்தும் கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அதேபோல வீங்கும். ஓடும்போது அணியப்போகும் சாக்ஸையே அணிந்து, இரண்டு கால்களிலும் ஷூவைப் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. செருப்பிலேயே வளர்ந்த கால்களுக்கு முன்பாதம் விரிந்திருப்பது வழக்கம் என்பதால், சுண்டுவிரல் ஓரத்தில் அழுத்தம் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். பிறகு ஷூவைக் கழற்றி முனையையும் குதியையும் பிடித்து மடக்கினால், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நடுவில் அட்டைபோல மடங்கினால் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது நகம் ஒன்றை இழந்த பிறகுதான். என் முதல் ஷூவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறுங்காலில் போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறதென்று மகிழ்ந்து வாங்கினேன். இரண்டே மாதத்தில் வலது பெருவிரல் நகம் நாவற்பழம்போலக் கறுத்து, பிறகு ஒரு நாள் சாக்ஸோடு கழன்று வந்தது.

ஷூவின் மேல்பகுதியில், கணுக்கால் பக்கமாகப் பின்னால் தள்ளி ஒரு கூடுதல் துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை அந்தத் துளையில் அதே பக்கத்திலேயே நுழைத்து இருபுறமும் சிறிய வளையம் உண்டாக்கி, எதிர்ப்புறக் கயிறை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. கொப்புளத்துக்கான மருந்துச் செலவு இதனால் பாதியாகும்.

படி 2: பருத்தியை வீட்டில் விட்டுவிடுங்கள்

சென்னையில் விடியற்காலையில் வெயில் இராது. ஆனால் காற்றில் ஈரப்பதம் பகலைவிட அதிகமாக இருக்கும். வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழியும். பருத்தித் துணி அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கனத்து, தோலோடு உரசும். ஆகவே மெல்லிய பாலியெஸ்டர் டி-ஷர்ட் ஒன்று, பருத்தி கலப்பு குறைந்த சாக்ஸ் இரண்டு ஜோடி போதும். பெயர் தெரியாத நிறுவனத்தின் துணியாக இருந்தாலும் கெடுதலில்லை. வெளிர் நிறமாக இருந்தால் இருட்டில் வண்டி ஓட்டுபவர்களின் கண்ணுக்குத் தெரியும். நடைமேடை இல்லாத தெருவானால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள்.

பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்தபடியாக ஸ்போர்ட்ஸ் பிராவுக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். அதற்காக இந்த 3,000 ரூபாய்க் கணக்கு சற்று மீறினாலும் பரவாயில்லை. கடையிலேயே அணிந்து, நின்ற இடத்தில் குதித்துப் பார்த்து வாங்குவது நல்லது. தொடை, அக்குள் ஆகிய உரசும் இடங்களுக்கு வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயோ வாசலினோ போதும். கடிகாரம், கைப்பட்டை, இடுப்புப்பட்டை எதுவும் இப்போது வேண்டாம். தூரத்தைக் கணக்கிடக் கைப்பேசியில் இலவசச் செயலிகள் உள்ளன. கைப்பேசி வியர்வையில் நனையாதிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

படி 3: ஓடுவதற்கு முன் வயிற்றை இலகுவாக வைத்திருங்கள்

காலையில் 5 கிலோமீட்டருக்குள் ஓடுபவருக்கு அரை டம்ளர் தண்ணீரே போதுமானது. இரவு உண்ட சோற்றின் சத்து தசைகளில் இருப்பு இருக்கும். பசி எடுத்தால், ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்னதாக ஒரு பூவன் பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிடலாம்.

சுண்டல் மட்டும் வேண்டாம். பிள்ளையார் சதுர்த்தியன்று மாலையில், பக்கத்து வீட்டார் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு கிண்ணம் தின்றுவிட்டு உடனே எலியட்ஸ் கடற்கரைச் சாலையில் ஓடப் போனேன். மூன்றாவது கிலோமீட்டரில் ஓட்டம் நடையாகி, நடை ஆட்டோவாகி வீடு திரும்பினேன். கடலையின் நார்ச்சத்தும் புரதமும் செரிக்க நேரமெடுப்பவை என்பதால் அது ஓடி முடித்த பிறகு உண்ண வேண்டிய பண்டம்.

படி 4: தண்ணீரோடு உப்பையும் கணக்கிடுங்கள்

ஓடுவதற்கு முன்பும் பின்பும் எடை பார்த்தால் வியர்வையின் அளவு தெரிந்துவிடும்: 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் வெளியேறியிருக்கிறது. அதை ஒரே மூச்சில் குடிக்காமல், அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடித்து ஈடு செய்யுங்கள்.

வியர்வையில் அதிகமாக வெளியேறுவது சோடியம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே நன்றாக வியர்த்த நாளில் இளநீரை மட்டும் நம்பாமல் உப்புப் போட்ட நீர்மோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி உங்கள் விருப்பம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாட்களுக்கு, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து எடுத்துச் செல்லலாம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் அதே கரைசல்தான் இது. இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

அத்தகைய நீண்ட ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும். இதற்காக விற்கப்படும் ஜெல் பொட்டலங்களின் விலையைப் பார்த்தால் ஓடாமலே மூச்சு வாங்கும். ஐந்து சிறிய பேரீச்சம்பழங்களில் சுமார் 25 கிராம் கிடைத்துவிடுகிறது. கொட்டையை வீட்டிலேயே நீக்கிக் காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.

படி 5: ஓடி முடித்த பின் கடலை உருண்டை

கடலை மிட்டாய் என்றால் கோவில்பட்டிதான். 2020ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் வாங்குவதில் தவறில்லை. ஆனாலும் வீட்டில் செய்தால் வெல்லத்தின் அளவு நம் கையில் இருக்கும்.

1 கிண்ணம் வேர்க்கடலையை மிதமான தீயில் வறுத்து, ஆறியதும் தோலை நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிண்ணம் பொடித்த வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றிக் கிளறுங்கள். புதியவர்கள் தவறுவது பாகின் பதத்தில்தான். ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டி, அந்த உருண்டையை எவர்சில்வர் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை கேட்க வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் உருண்டை மறுநாளே நமத்துப்போகும். பதம் வந்தவுடன் ஒரு சிட்டிகை உப்பு, சிறிது சுக்குப்பொடி, கடலை ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறி இறக்கி, கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு, சூடு பொறுக்கும் நிலையிலேயே விரைவாக எலுமிச்சையைவிடச் சிறியதாகப் பிடியுங்கள். 20 கிராம் உருண்டை ஒன்றில் ஏறத்தாழ 100 கலோரி இருக்கும். ஓடி முடித்தவுடன் இரண்டு, மூன்றாவதை வீட்டிலுள்ளவர்கள் தின்றுவிடுவார்கள்.

காலை உணவு ஒரு மணி நேரத்துக்குள் தயாராகிவிடுமானால் இதுவும் வேண்டாம். இட்லியும் சாம்பாரும், அல்லது மோர் கலந்த கேழ்வரகுக் கூழும் அந்த வேலையைச் செய்துவிடும்.

படி 6: ஷூவின் ஆயுளை எழுதி வையுங்கள்

ஷூவை வெயிலில் காய வைக்காதீர்கள். அடிப்பாகத்தின் நுரையும் பசையும் கெட்டுவிடும். ஐப்பசி மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறியின் கீழ் வைத்து, ஈரத்தாளைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாங்கிய தேதியை ஷூவின் நாக்குப் பட்டையின் உட்புறம் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் நுரை தளர்ந்துவிடும். மேலே பார்க்கப் புதிது போலவே இருக்கும், முழங்கால் மட்டும் வலிக்கத் தொடங்கும். வாரத்துக்கு 15 கிலோமீட்டர் என்றால் 40 வாரங்களில் 600 கிலோமீட்டர் ஆகிறது. ஆடியில் வாங்கிய ஜோடியைச் சித்திரையில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, அடிப்பாகத்தின் வரிகள் தேய்ந்திருந்தால், அதைக் காய்கறிக் கடைக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள்.