ஓகஸ்ட் விடுமுறையில் கிறிஸ்தவ ஆசிரியர் இளைப்பாறுவது எப்படி

கிறிஸ்தவ ஆசிரியருக்கு விடுமுறையில் ஓய்வு கிடைக்காமல் போவதற்கு முதற்காரணம் ஆலயம்தான். பாடசாலைகூட இரண்டாம் இடம். இதை எழுதுவதற்காக எங்கள் குருவானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் இது தெரியும்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இரண்டாம் தவணை முடிந்து வாயிற்கதவு சாத்தியதும் "ரீச்சருக்கு இப்போது நேரம் இருக்கும்தானே" என்று தொடங்குவார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி, ஓய்வுநாள் பாடசாலைப் பரீட்சை, பாடகர் குழு ஒத்திகை, பெண்கள் சங்கத்தின் விற்பனை விழா. இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஆலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் அருகருகே வளர்த்தார்கள். வட்டுக்கோட்டையில் செமினரி 1823இல், உடுவிலில் பெண்கள் பள்ளி 1824இல். அன்றிலிருந்து இங்கே சட்டம்பியார், அதாவது பள்ளி ஆசிரியர், என்றால் ஆலயத்தின் சம்பளமில்லாத ஊழியரும்கூட. பெருமைப்படத்தக்க வரலாறுதான். ஆனால் அந்த வரலாற்றின் பாரத்தை ஓகஸ்ட் மாதத்திலும் சுமக்க வேண்டுமா?

ஆகவே முதல் வேலையை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நாட்காட்டியை எடுத்து உங்களுக்கென்று சில நாட்களைக் கோடு போட்டு ஒதுக்குங்கள். இப்போதெல்லாம் விடுமுறையின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. முழுவதையும் பிடிக்க நினைத்தால் ஒன்றும் மிஞ்சாது. முதல் வாரத்தைப் பிடியுங்கள். பிறகு குருவானவரிடம் நேரிற்போய்ச் சொல்லுங்கள்: "ஐயா, இந்த விடுமுறையில் நான் ஒன்றும் பொறுப்பெடுக்க மாட்டேன். தவணை தொடங்கிய பிறகு கேளுங்கள்." காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உடனே வந்துவிடும். "அப்படியானால் இரண்டு நாள் மட்டும் வாருங்களேன்" என்பார்கள்.

இதில் எங்கள் சைவ சகோதரிகளைப் பார்த்து எனக்குப் பொறாமை. என்னோடு படிப்பிக்கும் ஒருவர், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறியதும் மச்ச மாமிசத்தை விட்டுவிடுவார். திருவிழா நடக்கும் 25 நாட்களும் அவரிடம் யாரும் மேலதிக வேலை கேட்பதில்லை. "விரதம்" என்ற ஒரு சொல் போதும், வீட்டாரும் அயலாரும் அதிபரும் விலகி நின்று வழிவிடுவார்கள். நமக்கும் ஓய்வுநாள் என்று ஒரு கட்டளை உண்டு, அதுவும் பத்தில் ஒன்று. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால் அவருக்குச் சுகமில்லையோ என்றுதான் ஊர் விசாரிக்கும்.

வெளிநாட்டு உறவினர்களும் இதே மாதத்தில்தான் வருவார்கள். கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்தால் கதவைச் சாத்த முடியாது; சாத்தவும் கூடாது. ஆனால் எந்த நாட்களில் வரலாம் என்பதைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே பேசிவிடலாம். ரியூசன் பற்றி நான் உபதேசம் செய்யப்போவதில்லை. ஆசிரியர் சம்பளத்தில் வீடு நடத்துவது எப்படி என்று எனக்கும் தெரியும். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் விடுப்புக் கொடுங்கள்.

அடுத்தது நித்திரை. ஆவிக்குரிய ஓய்வு என்றதும் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பதை நினைக்கிறோம். அதற்கு முன் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். முந்தின அதிகாரத்தில் கர்மேல் மலையில் பெரிய வெற்றி பெற்ற எலியா தீர்க்கதரிசி, இங்கே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும்" என்கிறான். தவணையின் கடைசி வாரத்தில் விடைத்தாள் கட்டோடு வீட்டுக்கு வரும் எந்த ஆசிரியருக்கும் அந்தச் சொல் அந்நியமல்ல. தேவதூதன் வந்து என்ன செய்தான்? கண்டிக்கவில்லை. வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் அதற்கும் கண்டிக்காமல் இரண்டாம் முறையும் வந்து சாப்பாடு கொடுத்தான். ஓரேப் மலையும் அங்கே கர்த்தர் பேசிய மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். முதல் சில நாட்கள் படுங்கள், சாப்பிடுங்கள், மறுபடி படுங்கள். ஜெபத்தின் நடுவில் நித்திரை வந்தால் நித்திரை கொள்ளுங்கள்.

ஆனால் அடையை யார் சுடுவது? பெண் ஆசிரியைக்கு விடுமுறை என்றால் வீட்டில் மூன்று வேளையும் சுடச்சுடச் சமையல் என்று அர்த்தமாகிவிடுகிறது. இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். அதில் பாவம் எதுவும் இல்லை. ஆண் ஆசிரியர்கள் இந்தப் பந்தியைத் தங்கள் மனைவிமாருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அப்படியே குசினிக்குள் போகட்டும்.

உடல் தேறிய பிறகு வேதாகமத்தைத் திறக்கலாம். இங்கேதான் ஆசிரியருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது: எதை வாசித்தாலும் அது பாடமாகிவிடுகிறது. விதைக்கிறவனின் உவமையைத் திறந்தால், நான்காம் வசனத்துக்கு வருமுன் பிறிஸ்டல் போட்டில் நான்கு நிலங்களையும் எந்த நிறத்தில் கீறலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். காலைத் தியானத்துக்கு ஒரு குறிப்பு, ஓய்வுநாள் பாடசாலைக்கு ஒரு கேள்வி, இப்படியே போகும். கடைசியில் நமக்கென்று ஒரு வாய்கூட மிஞ்சாது.

அதனால் பென்சிலை வேறு அறையில் வையுங்கள். குறிப்புப் புத்தகம் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல வராத பகுதியைத் தெரிந்தெடுங்கள். நான் சங்கீதம் 88இல் தொடங்குவேன். அது முறைப்பாட்டில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் நன்றி செலுத்துதல் இல்லை, நீதி இல்லை, அதை வைத்து ஒரு வகுப்பும் எடுக்க முடியாது. பின்னேரம் சோளகம் வீசும் நேரத்தில் விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். காற்று தாளைப் புரட்டினால் விரலை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மூடிவிடுங்கள். பிடித்த வசனத்தை வட்ஸ்அப்பில் போடாதீர்கள். போட்ட நிமிடமே அது மறுபடி படிப்பித்தல்தான்.

பிள்ளைகளை மனத்திலிருந்து இறக்கிவைப்பதும் ஒரு வேலை. வரவுப் பதிவேடு பாடசாலையில் இருந்தாலும் அதிலுள்ள பெயர்கள் வரிசையாக நாக்கில் இருக்கும். விடுமுறையின் தொடக்கத்தில் ஒருநாள் தனியே இருந்து அந்த வரிசையைக் கர்த்தருக்கு முன் சொல்லுங்கள். விண்ணப்பம் எதுவும் சேர்க்காமல், பெயர், ஒரு மூச்சு, அடுத்த பெயர். சில பெயர்களில் நாக்கு தடைப்படும். எனக்கு இந்த ஆண்டு தடைப்பட்டது, தகப்பனோடு இரவில் கடலுக்குப் போய்வந்து முதலாம் பாடவேளையில் மேசையில் தலைவைத்துத் தூங்கும் ஒரு பையனின் பெயரில். அப்படியான இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தீர்வு தேடாமல் அடுத்ததுக்குப் போங்கள். வரிசை முடிந்ததும் "இவர்கள் இந்த மாதம் உமது வகுப்பு" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். தினமும் இதைச் செய்தால் அதுவும் பாடவேளை ஆகிவிடும். ஒருமுறை போதும்.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு: மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் ஏறிச் சந்தையடியில் இறங்கினால் போதும். அந்தச் சந்தை இரைச்சலுக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு அமைதியா என்று முதல்முறை போகிறவர்கள் கேட்பார்கள். தோலகட்டியில் கத்தோலிக்கச் செபமாலைத் தாசர் சபையின் ஆச்சிரமம் 1928இல் தொடங்கியது. ஊரில் பலருக்கு அதைத் திராட்சை ரசத்துக்காகவும் நெல்லிப் பானத்துக்காகவும்தான் தெரியும். போத்தலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உண்மையில் அங்கே இருப்பவர்கள் மௌனத்தையும் ஜெபத்தையும் வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட துறவிகள். நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரி, எனக்குச் செபமாலை சொல்ல வராது. சும்மா இருப்பதற்கு எந்தச் சபையும் தடையில்லை. எங்கே போனாலும் முன்கூட்டியே தொடர்புகொண்டு அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

மடு மாதா ஆலய விஷயத்தில் எனக்கும் என் கத்தோலிக்கச் சிநேகிதிக்கும் ஒத்துப்போவதில்லை. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் என்ன ஓய்வு என்பது என் கட்சி. காட்டு மரங்களின் கீழ்க் கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, ஒருவரும் தன்னை ரீச்சர் என்று கூப்பிடாமல் சில நாட்கள் இருப்பதுதான் ஓய்வு என்பது அவர் கட்சி. கடைசிக் காரணம் நியாயமானதுதான். கூட்டமும் கூடாரமும் வேண்டாம் என்பவர்கள் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறலாம். ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணம், பவளக்கல் வேலிகள், மேயும் குதிரைகள், பேச்சுக்கு இழுக்க ஆளில்லை. குடையும் தண்ணீரும் கொண்டுபோங்கள். அந்த வெயில் பொல்லாதது.

எவ்வளவு வேலி போட்டாலும் யாராவது வந்து படலையைத் தட்டுவார்கள். மாணவி ஒருத்தியின் தாய், பெறுபேற்றுத் தாளுடன் நிற்பார். மாற்கு 6ஆம் அதிகாரத்தில் இதேதான் நடக்கிறது. சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை, தனித்துச் சற்றே இளைப்பாற வாருங்கள் என்று இயேசு கூட்டிக்கொண்டு போகிறார். சனங்கள் கரைவழியாக ஓடி அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். கிடைத்த ஓய்வு படகில் இருந்த நேரம் மட்டும். அவர் சனங்கள்மேல் மனதுருகினார், உபதேசித்தார், சாப்பாடும் கொடுத்தார். ஆனால் மாலையில் அவர்களை அனுப்பிவிட்டு ஜெபம்பண்ண மலைக்கு ஏறினார் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. அதை வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆகவே அந்தத் தாயை உள்ளே கூப்பிடுங்கள், தேநீர் கொடுங்கள், கேளுங்கள். அவர் போனதும் "இன்றைய நாள் போய்விட்டது" என்று எழுந்து உடுப்புத் தோய்க்கத் தொடங்காமல், விட்ட இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

பாடக்குறிப்புகளைக் கடைசி வெள்ளிக்கிழமையே எழுதி முடித்துவிட்டால் விடுமுறையின் கடைசி ஞாயிறும் உங்களுடையது. அன்று ஆலயத்தில் பாடகர் குழுவோடு இல்லாமல் பின்வரிசையில் இருங்கள். தவணை தொடங்கியதும் குருவானவர் கட்டாயம் கேட்பார். சொன்னபடி ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும். மார்கழி விடுமுறைக்கும் இதே வழி செல்லுமா என்று கேட்காதீர்கள். மார்கழியில் கரோல் இருக்கிறது.