எரிமலை எந்த வகை? ஜவ்வரிசிக் கூழை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள், "மாமா, இந்த மலை எந்த வகை எரிமலை?" என்று கேட்டாள். மேலே ஏரி இருக்கிறது, அதுதான் எரிமலையின் வாய் என்பது அவள் கணக்கு.

வகை பிரிப்பதற்கு முன்னால் அது எரிமலைதானா என்று பாருங்கள், அதற்கு மலையின் உருவத்தை விடக் கல்லைப் பார்ப்பதுதான் நல்லது. ஏற்காட்டுக்குப் போகும் கொண்டை ஊசி வளைவுகளில் மலையை வெட்டிய இடங்களில் தெரியும் கல் சார்னோக்கைட். கருநீலமும் பச்சையும் கலந்தாற்போல், எண்ணெய் தடவிய மினுமினுப்போடு இருக்கும், உற்றுப் பார்த்தால் மணிமணியாகப் படிகங்கள் கண்ணுக்கே தெரியும். படிகம் இப்படிப் பெரிதாக வளர வேண்டுமானால் கல் பூமிக்குள் ஆழத்தில், சூடு குறையாமல் ரொம்ப காலம் கிடந்திருக்க வேண்டும். வெளியே கொட்டிய லாவா சீக்கிரம் ஆறிவிடும், அதனால் அதில் மணி தெரியாது, பல சமயம் காற்றுக் குமிழி போன ஓட்டைகள் இருக்கும். சேர்வராயன் மலைக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. எரிமலை இல்லை. சரி, அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது வகை. புத்தகத்தில் கேடயம், தழல் கூம்பு, பல்சிட்டக் கூம்பு என்று மூன்று பெயர் இருக்கும். மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். அதற்குப் பதில் பங்குனி வெயிலில் வத்தல் போட ஜவ்வரிசி காய்ச்சும் வீட்டுக்குப் போய் அடுப்பு பக்கத்தில் நில்லுங்கள், சேலத்தில் அதற்கா பஞ்சம். முதலில் தண்ணீராக இருக்கும்போது குமிழி மேலே வரும், சத்தமில்லாமல் உடையும், போய்விடும். கிண்டக் கிண்ட மாவு கண்ணாடி மாதிரி ஆகிக் கெட்டிப்படும், அப்போது அதே குமிழி மேலே வர முடியாமல் உள்ளேயே திணறி, மேல்பரப்பைப் பந்து மாதிரி தூக்கி, 'டப்'பென்று வெடித்துக் கூழை மணிக்கட்டில் தெறிக்கும். என் இடது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதே பாத்திரம், அதே தீ, மாறியது கெட்டித்தன்மை மட்டும்.

பூமிக்குள் உருகிக் கிடக்கும் கல்லுக்கு மாக்மா என்று பெயர், வெளியே கொட்டினால் அதுதான் லாவா. மாக்மாவைக் கெட்டியாக்குவது சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். பாதி அளவுதான் சிலிக்கா என்றால் அது பசால்ட், 1,100 டிகிரிக்கு மேல் கொதித்து ரசம் மாதிரி ஓடும். 60, 70 சதவீதம் என்று ஏற ஏறக் களி மாதிரி ஆகிவிடும், வாயு வெளியே வர வழியில்லாமல் அடைபட்டு வெடிக்கும்.

இதைப் பிடித்துக்கொண்டால் சரிவைப் பார்த்தே வகை சொல்லலாம். ஓடுகிற லாவா தூரமாகப் பரவும், அதனால் மலை அகலமாக, கவிழ்த்த கேடயம் மாதிரி இருக்கும். ஹவாயின் மௌனா லோவா 4,169 மீட்டர் உயரம், ஆனாலும் படத்தில் பார்த்தால் மலை என்றே தோன்றாது, அவ்வளவு மெதுவாக ஏறும் சரிவு. சரிவு செங்குத்தாக ஏறி, உயரமும் ஆயிரக்கணக்கான மீட்டர் என்றால் பல்சிட்டம்: ஒரு தடவை லாவா, ஒரு தடவை சாம்பல் என்று அடுக்கடுக்காக ஏறியது, ஜப்பானின் ஃபுஜி மாதிரி. சரிவு செங்குத்து, ஆனால் ஆள் குட்டை என்றால் தழல் கூம்பு. லாரியில் கொட்டிய ஜல்லிக் குவியல் எந்தச் சாய்வில் நிற்குமோ ஏறக்குறைய அதே சாய்வு, ஏனென்றால் அதுவும் தெறித்து விழுந்த கல் குவியல்தான். மெக்சிகோவில் 1943 பிப்ரவரியில் ஒரு சோளக்காட்டில் பூமி பிளந்து பாரிகுட்டின் இப்படித்தான் முளைத்தது, ஒரே வருஷத்தில் 300 மீட்டரைத் தாண்டியது, 1952-இல் அடங்கிவிட்டது.

மலையே இல்லாத எரிமலைகளும் உண்டு. அடியில் இருந்த மாக்மா ஒரேயடியாகக் காலியாகி மேல்தளம் உள்ளே இடிந்து விழுந்தால் கால்டிரா என்ற பெரும் பள்ளம்தான் மிஞ்சும். சுமத்ராவின் டோபா ஏரி அப்படி உண்டானது, சுமார் 100 கிலோமீட்டர் நீளம். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்த சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் மண்ணடுக்கில் இன்னும் இருக்கிறது. ஏரிதான் வாய் என்ற அக்கா மகள் கணக்கு அங்கே சரியாக வரும். தக்காணத்தில் கூம்பும் இல்லை, பள்ளமும் இல்லை, நிலம் கீறி லாவா பொங்கியது.

அப்புறம் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று. செயல்படும், உறங்கும், தணிந்த என்பது வேறு கேள்வி, அதற்கும் உருவத்துக்கும் சம்பந்தமில்லை. ஃபுஜி 1707-க்குப் பிறகு வெடிக்கவில்லை, ஆனாலும் ஜப்பான்காரர்கள் அதைச் செயல்படும் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ சுமார் 500 ஆண்டு தூங்கிவிட்டு 1991-இல் எழுந்தது. எவ்வளவு பலமாக வெடித்தது என்பதும் தனிக் கணக்கு, அதற்கு 0 முதல் 8 வரை ஒரு அளவுகோல் இருக்கிறது, மேலே உள்ள படிகளில் ஒரு படி ஏறினால் கொட்டும் பொருள் சுமார் பத்து மடங்கு. பினாட்டுபோவுக்கு 6, 1815-இல் வெடித்த தம்போராவுக்கு 7.

பழகிப் பார்க்க அந்தமானின் பாரன் தீவு போதும். 1991-லிருந்து விட்டுவிட்டுப் புகைகிறது, அதனால் செயல்படும் எரிமலை. வெளிச்சுவர் சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலக் கால்டிரா, நடுவில் ஒரு சின்னக் கூம்பு. படத்தை அக்கா மகளிடம் கொடுத்தேன்.

"உள்ளே தழல் கூம்பு, சுற்றிலும் கால்டிரா, மொத்தமாகப் பார்த்தால் பல்சிட்டம். ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னால் என்ன மாமா எழுதுவது?"

"பல்சிட்டம்னு எழுது, மார்க் போடுவாங்க."