ஊர் வெயிலுக்குச் சன்ஸ்கிரீன்: எவ்வளவு, எப்போது, எப்படி

நல்லூர்த் திருவிழாவுக்காக ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகிறீர்களா? அந்த மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கும். சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலும் அப்படித்தான். கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்ற பேச்சை நம்பாதீர்கள். கருமை ஓரளவே காக்கும். எங்கள் தோலும் எரியும், உரியும், முகத்தில் மங்கு படரும்.

சன்ஸ்கிரீனை எஸ்.பி.எஃப் (தோல் எரியாமல் காக்கும் அளவைக் காட்டும் எண்) 30க்குக் குறையாததாக, தோலின் ஆழம்வரை போகும் யூ.வி.ஏ கதிர்களையும் தடுப்பதாக, வியர்வைக்கு நின்றுபிடிப்பதாக வாங்குங்கள். 30க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் சிறிது. பூசும் அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மெல்லிசாகத் தடவினால் போத்தலில் 50 என்றிருந்தாலும் அதில் ஒரு பங்குதான் தோலுக்குக் கிடைக்கும். முகம், கழுத்து, இரு கைகளுக்கு 2 தேக்கரண்டி வேண்டும். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பதால் நெஞ்சுக்கும் முதுகுக்கும் இன்னும் 2. காது மடல், பிடரி, தலைவகிடு, புறங்கால் ஆகியவை தப்பிவிடும் இடங்கள். வெறுங்காலோடு வீதி சுற்றுபவர்களுக்குப் புறங்கால்தான் முதலில் எரியும்.

வெளிக்கிட 20 நிமிடம் முன்பே பூசி, காய்ந்தபின் திருநீறும் சந்தனமும் இடுங்கள். 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். வியர்வையைத் துவாயால் ஒற்றிவிட்டுப் பூசினால்தான் ஒட்டும். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் குளித்து ஏறியதும் நேரம் பார்க்காமல் பூசுங்கள். மப்பாக இருந்தாலும் விடாதீர்கள், முகிலூடாகவும் கதிர் வரும். நுளம்புக்கான மருந்து பூசுவதென்றால் சன்ஸ்கிரீனுக்குப் பிறகுதான்.

ஒரு தடவைக்கு 10 மில்லிலீற்றர், நாளுக்கு இரு தடவை என்றால் 200 மில்லிலீற்றர் போத்தல் ஒருவருக்கு 10 நாள்தான் வரும். நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே கொண்டுபோங்கள், ஆனால் பெரிய பெட்டியில். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். போன வருடம் திறந்த போத்தலை நம்ப வேண்டாம். வாகனத்துக்குள் வெயிலில் கிடந்ததையும் எறிந்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசாமல் நிழலில் வைத்திருங்கள். டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை எடுப்பவர்களின் தோல் வழமையைவிட விரைவில் எரியும். தேசிக்காய்ச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றால் கொப்பளமே போடலாம், கழுவிவிட்டு வெளியே போங்கள்.

எரிந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். கொப்பளத்தோடு காய்ச்சலும் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.